தம்பியின் சொத்தில் கழித்த செலவு

லோயரின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றில் என் தங்கச்சி இருந்தாள். மற்றதில் நான் இருக்கப் போனபோது லோயர் எழும்பி, "அம்மா, இதிலை நான் பைல் பரப்பப் போறன். நீங்கள் அங்காலை சோபாவிலை இருங்கோ, நல்ல மெத்தை" என்றார்.

நல்ல மெத்தைதான். ஆனால் அது கதவுக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாகக் கிடந்தது. கூட வந்த ஆட்கள் இருக்கிற இடம். அதில் இருந்துகொண்டு தங்கச்சியின் முதுகைப் பார்த்தேன். கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கந்தோருக்கு வந்த உத்தியோகத்தர் மாதிரி நிமிர்ந்து இருந்தாள். எனக்கு எழுபத்தொரு வயது. அவளுக்கு அறுபத்தாறு. அவள் முன்னுக்கும் நான் பின்னுக்கும் இருந்தது அன்றுதான் முதல் தரம்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த தம்பி செத்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

தம்பி கலியாணம் கட்டவில்லை. எங்களில் முதலில் கனடாவுக்கு வந்தவன் அவன்தான். ஒரு பிளாஸ்டிக் பக்டரியில் நின்று நின்று கால் வீங்க வேலை செய்து, ஸ்காபரோவில் சின்னதாய் ஒரு வீடு வாங்கினான். அவனுக்குப் பின்னால் தங்கச்சி புருஷனோடு வந்தாள். புருஷன் போன பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் தனியே இருந்தாள். நான் கடைசியாக வந்தவள். மகன் கூப்பிட்டு, மார்க்கம் என்கிற ஊரில் அவனுடைய வீட்டில் இருக்கிறேன். பிந்தி வந்ததால் எனக்கு இந்த நாட்டுப் பென்சன் கிடையாது. தங்கச்சிக்கு உண்டு. மாதம் முடிய வங்கியில் விழும். வருமானம் குறைந்த ஆட்களுக்கு அதற்கு மேல் கொடுக்கிற காசும் அவளுக்கு விழும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்து பெருமை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மாசி மாதம் தம்பிக்கு ஈரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். மகனிடம் சொல்லி, சீலைப் பெட்டியோடு போய்த் தம்பி வீட்டில் இறங்கிவிட்டேன். ஐந்து மாதம். கஞ்சி வைத்தேன், கால் பிடித்தேன், போர்வை தோய்த்தேன். தங்கச்சி கிழமையில் இரண்டு நாள் சப்வேயிலும் பஸ்ஸிலும் வருவாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள், டொக்டரோடு இங்கிலிஷில் கதைப்பாள், மருந்துப் போத்தல்களில் தமிழில் நேரம் எழுதி ஒட்டுவாள். பிறகு போய்விடுவாள். அவள் போன பிறகு தம்பி அந்த ஒட்டின கடுதாசியைப் பார்த்து, "இவள் எல்லாத்தையும் ஒழுங்காய்ச் செய்வாள், என்ன அக்கா?" என்பான். அவன் ஓங்காளித்து எடுத்த சத்தியைக் கழுவின கையோடு நான் "ஓம்" என்பேன்.

ஆடி மாதம் அவன் போய்விட்டான். மூன்றாம் நாள் தங்கச்சி கைப்பையிலிருந்து ஒரு நீட்டுக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பியின் மரணசாதனம். வீட்டை விற்று வருகிற காசை இரண்டு சகோதரிகளும் சரிபாதி எடுக்க வேண்டும். எக்சிகியூட்டர் தங்கச்சி. எக்சிகியூட்டர் என்றால் செத்தவரின் சொத்தைப் பொறுப்பெடுத்து, கட்ட வேண்டியதைக் கட்டி, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆள். மகன் எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினான். முதல் தரமே எனக்கு விளங்கிவிட்டது.

"இது எப்ப எழுதினது?" என்று கேட்டேன்.

"ஆறு வருஷம் இருக்குமக்கா."

"ஆறு வருஷமாய் உன்ரை பையுக்குள்ளையோ கிடந்தது?"

"அண்ணைதான் சொல்ல வேண்டாமெண்டவர். அக்கா யோசிப்பா எண்டு."

"நான் யோசிக்கிறதுக்கு இதிலை என்ன கிடக்கு?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சோறு வடித்தேன். அதற்குப் பிறகு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவு வரைக்கும் வேறொன்றையும் யோசிக்கவில்லை. சரிபாதிக் காசு எனக்குக் குறையில்லை. அவன் கையால் எழுதின பேர் அவளுடையது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இங்கிலிஷில் கையெழுத்து வைக்கத் தெரியாது. அதெல்லாம் சரி. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே "அவளைப் போடு" என்று சொல்லியிருப்பேன். அந்தப் பெருமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் கணக்கு வேலை செய்கிற ஒருவர், சாவு வரி என்று ஒன்று இருக்கிறது, செத்தவீட்டுச் செலவு எல்லாவற்றையும் அதில் கழிக்கலாம், ரிசீட்தான் முக்கியம் என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் ஒரு பிஸ்கட் ரின்னோடு திரிந்தாள். பூ வாங்கின ரிசீட், வாழையிலை வாங்கின ரிசீட், பெட்டி எடுத்த ரிசீட், எல்லாம் அதற்குள் போனது. கிரியை முடிந்து ஐயர் தட்சணையை மடியில் கட்டுகிற நேரம் இவள் போய், "ஐயா, கோபிக்கக்கூடாது, ஒரு ரிசீட் வேணும்" என்றாள்.

ஐயர் அவளைப் பார்த்தார். "அம்மா, எங்கடை பரம்பரையிலை தட்சணைக்கு ஆரும் துண்டு எழுதினதில்லை."

"அரசாங்கம் கேக்கும் ஐயா."

"அரசாங்கத்துக்கும் நான்தானே வந்து செய்ய வேணும் கடைசியிலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். குசினிக்குள் நின்ற பெண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஐயரையே எழுத வைத்துவிட்டாளே என்றும் இருந்தது.

எட்டுச்செலவுக்கு அறுபது பேருக்கு நான் ஒருத்தியாகச் சமைத்தேன். தம்பிக்கு விருப்பமான கோழிக்கறி, கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி. ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரம் இவள் வந்து காதுக்குள், "அக்கா, கோழி வாங்கின பில் எங்கை?" என்றாள்.

"கோழியோடை சேத்து அதையும் வெட்டிப் போட்டுட்டன். கறிக்குள்ளை தேடிப் பார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பைப் பையைக் கிளறி எடுத்துவிட்டாள்.

அந்த ரின்னைத்தான் அவள் லோயரின் மேசையில் கவிழ்த்தாள். லோயர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், நடு வயது. கடைகளுக்கு மேல் மாடியில் கந்தோர். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். ஐயரின் கலண்டர்த் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.

"அம்மா, நல்லாய்ச் சேத்து வைச்சிருக்கிறியள். ஆனால் கோட்டிலை கட்டுற காசுக்கு இதொண்டும் கழிக்கேலாது. வீட்டின்ரை பெறுமதியிலை மிச்ச மோட்கேஜ் கடனை மட்டும்தான் கழிக்கலாம். பூவும் கோழியும் அவைக்குத் தேவையில்லை."

மரணசாதனத்தை நீதிமன்றத்தில் பதியக் கட்டுகிற அந்தக் காசை லோயர் கோட்டுக் கட்டணம் என்று சொன்னார். சனம் சாவு வரி என்றது. பிறகு அரசாங்கமே அதற்கு வரி என்று பேர் மாற்றினதாக மகன் சொன்னான். என்ன பேரானாலும், தங்கச்சியின் முதுகு அன்றைக்குக் கொஞ்சம் வளைந்தது. சோபாவில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நல்ல மெத்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

குளிர்ச்சி கன நேரம் நிற்கவில்லை.

"ஆனால் பங்கு பிரிக்க முதல் இதெல்லாம் சொத்திலை இருந்து கழிபடும்" என்றார் லோயர். "செத்தவீட்டுச் செலவு, என்ரை பீஸ், வீடு விக்கிற ஏஜென்டின்ரை கொமிஷன், கணக்கரின்ரை பீஸ். நியாயமான செலவெண்டால், நீங்கள் ரெண்டு பேரும் ஓமெண்டால் சரி. அதோடை எக்சிகியூட்டரின்ரை உழைப்புக்கும் எடுக்கலாம். நூற்றுக்கு அஞ்சு வரையிலை வழக்கம்."

"எனக்கு வேண்டாம்" என்றாள் தங்கச்சி.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஒரு நிமிஷமாவது யோசித்திருந்தால் அன்றைக்கு அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

வெளியில் வந்து மகனின் காரில் ஏற முதல் என்னிடம், "அக்கா, வீட்டுத் திறப்பு" என்று கையை நீட்டினாள். ஐந்து மாதம் என் இடுப்பில் செருகியிருந்து, கதவைத் திறந்து பூட்டின திறப்பு. எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கடிதமும் அவளுடைய பேருக்குத்தான் வந்தது. வங்கியில் தம்பியின் சொத்துக்கென்று ஒரு கணக்கு, அதுவும் அவளுடைய கையெழுத்தில். அவள் இரண்டு பஸ் மாறி வந்து புல்லு வெட்ட ஆள் பிடித்தாள், ஏஜென்டுக்காகக் காத்து நின்றாள், தம்பியின் உடுப்புகளை மடித்துக் கோயிலுக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுத்து ஒவ்வொன்றையும் சொல்லுவாள். "அக்கா, ரெண்டு பேர் வீடு பாத்தவை." "அக்கா, குசினித் தண்ணிக் குழாய் ஒழுகினது, ஆளைப் பிடிச்சுத் திருத்தினன்." நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லுவேன். அந்தக் குழாய் ஒழுகுவது எனக்கு மாசியிலேயே தெரியும். கீழே ஒரு துணி சுற்றி வைத்திருந்தேன். அந்தத் துணியை அவள் கண்டிருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் வீடு நல்ல விலைக்குப் போனது. மகன், "சித்தி கெட்டிக்காரி" என்றான். அன்றைக்கு அவனுக்குப் புட்டுக்குக் கறி இல்லை. சம்பல்தான்.

கார்த்திகையில் முதல் ஸ்நோ விழுந்த கிழமை அவள் மார்க்கத்துக்கு வந்தாள். கூட்டிக்கொண்டு வர மகன் போகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று, சப்வேயும் பஸ்ஸுமாய் இரண்டு மணித்தியாலம் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கைப்பையிலிருந்து நாலு தாள் எடுத்தாள். கணக்கு. கடைசித் தாளில் நான் கையெழுத்து வைக்க வேண்டும், இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், எக்சிகியூட்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று. அதை வைத்தால்தான் பங்கு பிரியும்.

மகன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தான். வீடு விற்ற காசு இவ்வளவு. மோட்கேஜ் இவ்வளவு. கோட்டுக் காசு. லோயர். ஏஜென்ட். பிறகு செலவுகள். மண்டபம், பெட்டி, எரித்த செலவு, பூ, ஐயர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, தம்பியின் நினைவாய்க் கல்வெட்டுப் புத்தகம் அடித்த செலவு. எல்லாம் சரியாய் இருந்தது. குறை பிடிக்க நான் காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது மகன், "சகோதரிக்கு, பராமரிப்பும் சமையலும், மூவாயிரம்" என்று வாசித்தான்.

"எந்தச் சகோதரி?" என்றேன்.

"நீங்கள்தானக்கா" என்றாள் தங்கச்சி. முகத்தில் சந்தோஷம். எனக்கு ஏதோ கொண்டுவந்து தந்த ஆள் மாதிரி. "அஞ்சு மாசம் பாத்தனீங்கள். ஒரு நேர்ஸை வைச்சிருந்தால் எவ்வளவு போயிருக்கும்? எட்டுச்செலவுக்கும் நீங்கள்தான் சமைச்சனீங்கள். லோயரைக் கேட்டனான். ரெண்டு பேருக்கும் சம்மதமெண்டால் செலவிலை கழிக்கலாமெண்டவர்."

"வாசி அந்த வரியை" என்று மகனிடம் சொன்னேன். வாசித்தான். "அதுக்கு மேலை என்ன கிடக்கு?"

"கோழிக் கடையம்மா."

"கீழை?"

"கதிரை வாடகைக்கு எடுத்த காசு."

"கோழிக்கும் கதிரைக்கும் நடுவிலை என்னை எழுதியிருக்கிறாய்" என்றேன் தங்கச்சியிடம். "நான் தம்பிக்குக் கஞ்சி வைச்சது கூலிக்கோ?"

"அக்கா, நான் அப்பிடி நினைக்கேல்லை..."

"நீ உனக்கு எவ்வளவு போட்டனீ?"

"நான் ஒண்டும் போடேல்லையே."

"அதுதான்."

அவளுக்கு விளங்கவில்லை. மகனுக்கும் விளங்கவில்லை. "நல்லதுக்குத்தானேயம்மா செய்திருக்கிறா, விடணை" என்றான். எனக்கு மட்டும் நன்றாய் விளங்கியது. அந்த நாலு தாளும் லோயரின் அலுமாரியில் கிடக்கும், வங்கியில் கிடக்கும், நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் தங்கச்சி காசு வாங்காமல் அண்ணனுக்குச் செய்தவள். அக்கா மூவாயிரம் டொலருக்குச் சமைத்தவள். ஆறு வருஷம் மரணசாதனத்தைப் பைக்குள் வைத்திருந்தாள், கதிரையில் இருந்தாள், திறப்பை வாங்கினாள். எல்லாம் போகட்டும். தம்பிக்குச் சும்மா செய்தவள் என்ற பேர் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதையும் நல்ல மனத்தோடு எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள்.

"கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

"அந்த வரியை வெட்டச் சொல்லுறன் அக்கா. நான் பிழை விட்டிட்டன்."

"வெட்டு. ஆனால் உன்ரை அஞ்சு வீதத்தையும் எழுதிக்கொண்டு வா. அப்ப வைக்கிறன்."

"எனக்கு அது வேண்டாமக்கா."

"எனக்கும் இது வேண்டாம்."

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்று ஞாயிறு ரெலிபோன் வரவில்லை. நாலாம் கிழமை லோயர் எடுத்தார். "அம்மா, நீங்கள் கையெழுத்து வைக்காட்டில் கோட்டிலை போய்க் கணக்குக் காட்ட வேண்டி வரும். அது பெரிய செலவு."

"அந்தச் செலவையும் கழியுங்கோ" என்றேன்.

அவர் டயரித் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு பேரும் வாங்கோ, கதைப்பம்" என்றார்.

அன்றைக்கு மகனை அவசரப்படுத்தி அரை மணித்தியாலம் முந்திப் போய், மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டேன். தங்கச்சி வந்து மற்றக் கதிரையில் இருந்தாள். லோயர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ரை காசை வெட்டுங்கோ" என்றேன். "இவளின்ரையைப் போடுங்கோ. முழுசாய் அஞ்சு வீதம். ஒரு சதமும் குறையப்படாது."

"அம்மா, விளங்கித்தான் சொல்லுறியளோ? அது மொத்தச் சொத்திலை இருந்து போகும். உங்கடை பங்கிலையும் குறையும். உங்கடை காசிலைதான் இவவுக்குக் குடுக்கிறியள்."

"குறையட்டும்."

"கனபேர் இந்தக் கதிரையிலை இருந்து எக்சிகியூட்டருக்கு ஒண்டும் குடுக்கேலாதெண்டு சண்டை பிடிச்சிருக்கினம். குடுக்கச் சொல்லிச் சண்டை பிடிச்ச ஆளை இண்டைக்குத்தான் காணுறன்." தங்கச்சியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இன்னொண்டு. பங்காய் வாற காசுக்கு நீங்கள் வரி கட்டத் தேவையில்லை. ஆனால் இது உங்கடை உழைப்புக்கு எடுக்கிற காசு. வருமானக் கணக்கிலை காட்ட வேணும். உங்கடை மற்ற விஷயங்களையும் யோசிச்சுச் சொல்லுங்கோ."

மற்ற விஷயங்கள் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை. எனக்கு வருமானமும் இல்லை, வரியும் இல்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் நேரே லோயரின் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்கோ" என்றாள் அவள். "அக்கா சொல்லுறா."

புதுத் தாள் அடித்து வந்தது. மகன் வாசித்தான். கோழிக்கும் கதிரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கடைசியில் எக்சிகியூட்டரின் உழைப்புக்கு எண்ணாயிரத்துச் சொச்சம். என் பேரைத் தமிழில் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அந்தக் கையெழுத்தைப் போல் வடிவாய் நான் ஒன்றும் எழுதினதில்லை. இனித் தம்பிக்குக் கூலியில்லாமல் செய்தவள் நான் ஒருத்திதான்.

வெளியில் வந்து படியிறங்கும்போது தங்கச்சி, "இப்ப சரியோ அக்கா?" என்றாள்.

"சரி."

"அப்ப ஒரு தேத்தண்ணி குடிப்பம். கால் குளிருது."

பக்கத்து டோனட் கடையில் மூன்று பேரும் குடித்தோம். காசை அவள் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஆடியில், ஒரு வருஷம் முடிய, தம்பியின் ஆட்டைத்திவசம். பதினாறாம் மாடியில், தன்னுடைய இடத்தில் செய்கிறேன் என்று தங்கச்சி சொன்னாள். சமைக்க எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. நாங்கள் போய் இறங்கினபோது எல்லாம் சமைத்து முடிந்து மூடி வைத்திருந்தாள். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. நான் ஒவ்வொரு மூடியாய்த் திறந்து பார்த்தேன்.

"என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"கேக்கப் பயமாய்க் கிடந்ததக்கா. கேட்டால் ஒரு கரைச்சல், கேக்காட்டில் ஒரு கரைச்சல்."

ஐயர் வந்து செய்துவிட்டுப் போனார். ரிசீட் கேட்கவில்லை. படைத்துவிட்டுச் சாப்பிட இருந்தோம். கத்தரிக்காய்க்கு உப்பும் புளியும் அளவாய்த்தான் இருந்தது. தம்பி இருந்திருந்தால் இரண்டாம் தரம் கேட்டிருப்பான். நான் "கொஞ்சம் உப்புக் குறைவு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

மகன் மேசையோரத்தில் கிடந்த கடுதாசிகளைத் தள்ளிவிட்டுக் கோப்பையை வைத்தான். மேலே கிடந்த ஒன்றை எடுத்து வாசித்தான். அவள் வீட்டுக்குப் போனால் கடிதம் பார்த்துச் சொல்லுவது அவன் வழக்கம்.

"சித்தி, உங்கடை பென்சனிலை குறைச்சிருக்கினமே? மேலதிகமாய்த் தாற காசை. போன வருஷம் வருமானம் கூடவாம்."

தங்கச்சி சோற்றுக் கரண்டியோடு வந்து, மற்றக் கையால் கடிதத்தை வாங்கினாள். "உது பழசு ராசா. நீ சாப்பிடு."

"பழசில்லைச் சித்தி, இந்த மாசத்..."

"சாப்பிடு எண்டன்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் போன வருஷம் வந்த புது வருமானம் எது என்று ஆரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. முழுசாய் அஞ்சு வீதம், ஒரு சதமும் குறையப்படாது என்று மேசையில் கையை வைத்துச் சொன்னவள் நான்.

மகன் காரை எடுக்கப் போன பிறகு குசினிக்குள் போனேன். அவள் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உது நடக்குமெண்டு உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"லோயர் சொன்னவர்தானே. நீங்களும் பக்கத்திலை இருந்தனீங்கள்."

"தெரிஞ்சுகொண்டோடி போடச் சொன்னனீ?"

"நீங்கள் கையெழுத்து வைக்க வேணுமெல்லே அக்கா. அண்ணையின்ரை அலுவல் கோட்டிலை இழுபட்டுக்கொண்டு கிடக்கக்கூடாது. ஒரு வருஷத்துக்குத்தானே குறைப்பினம். பிறகு சரியாய்ப் போயிடும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

அன்றைக்கு அவள் சொல்லியிருந்தால், நடிக்கிறாள், இன்னும் நல்லவளாகப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன். சில வேளை ஆறு வீதம் கேட்டிருப்பேன்.

"மாசம் எவ்வளவு குறைச்சவங்கள்?" என்று கேட்டேன்.

"அதேன் உங்களுக்கு? கத்தரிக்காய்க் கறி கொஞ்சம் கட்டித் தாறன், கொண்டு போங்கோ."

கட்டித் தந்தாள். கொண்டு வந்தேன். அடுத்த நாளும் அது பழுதாகாமல் நன்றாகவே இருந்தது.

அந்த ஞாயிறு ரெலிபோனில் திரும்பக் கேட்டேன், மாதம் எவ்வளவு என்று. கட்டிடத்தில் லிப்ட் பழுதாய்ப் போன கதையைச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். முருங்கைக்காய் இந்தக் கிழமை மலிவு என்றாள். மகனைக் கேட்டேன். தொகையைப் பார்க்க முதல் சித்தி வாங்கிவிட்டா, அது ஆளுக்கு ஆள் வேறை என்றான். தம்பியின் காசில் என் பங்கு வங்கியில் அப்படியே கிடக்கிறது. எவ்வளவு என்று அவள் சொன்னால், அதற்கு மேல் பத்து டொலர் கூடப் போட்டு மாதாமாதம் அனுப்புவேன். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் சொல்லமாட்டாள்.